குறை சொன்னவர் கையில் வேலை

எங்கள் வாலிபால் கிளப்பில் ஒரே ஒரு சட்டம்தான். போட்டது நான். யார் எதைப் பற்றிக் குறை சொல்கிறாரோ, மறுவாரத்திலிருந்து அந்த வேலை அவருடையது. டீயா இது, கழுநீரா என்று முகம் சுளித்த தையல்காரர் இப்போது டீ போடுகிறார். கோடு கோணல் என்ற கணக்கு வாத்தியார் கயிறு கட்டிக் கோடு போடுகிறார். ஸ்கோர் போர்டு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்ற பேக்கரி அக்காதான் ஸ்கோர் போடுகிறாள். யாருக்கும் காலணா சம்பளம் கிடையாது. லீக்கில் இருக்கிற மற்ற கிளப்காரர்கள் வந்து, எப்படித்தான் ஆள் பிடிக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் எங்கே ஆள் பிடித்தேன்? வாயைத் திறக்கிறவரைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சட்டம் என் கழுத்துக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த மாதம் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். தையல்காரருக்கு மூட்டுவலி, வாத்தியாருக்கு டியூஷன், பேக்கரி அக்கா வீட்டில் விருந்தாளி. வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம், எங்கள் மைதானத்தில். மைதானம் தயாராக இல்லையென்றால் நடுவர் ஆட்டத்தை ரத்து செய்துவிடுவார், எங்களை லீக்கிலிருந்தும் தூக்கிவிடுவார்கள். பந்தும் வலையும் அடைத்து வைத்திருக்கிற சின்ன அறையில் கூட்டம் போட்டு, வேலை செய்ய உடம்பு வணங்காதவர்களைப் பற்றி வயிறெரிந்து பேசிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் இருந்த என் நாத்தனார் ஒரு நர்ஸ். ஊசி போடும்போதும் பேசும்போதும் அவளுக்கு ஒரே முகம்தான்.

"அண்ணி, மூட்டுவலியும் இல்ல, டியூஷனும் இல்ல. உங்களாலதான் போறாங்க" என்றாள்.

"என்னாலயா? நான் என்ன பண்ணேன்?"

"வேலையக் குடுக்கறீங்க. குடுத்துட்டு அவங்க தலைமேலயே நிக்கறீங்க. தையல்காரர் டீ போட்டா சக்கரை நீங்க போடறீங்க. வாத்தியார் போட்ட கோட்டை, அவர் போனப்புறம் அழிச்சிட்டு நீங்க போட்டீங்க. அத அவர் பாத்துட்டாரு."

அழித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கோடு கோணல். கோணலைப் பார்த்த பிறகு கை எப்படிச் சும்மா இருக்கும்?

மூலையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வருஷத்துக்கு இரண்டு தடவை வாயைத் திறக்கிறவர், அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். "இது யாரப் பத்தின குறை?"

"செயலாளரப் பத்தினது" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் நான்தான். சட்டம் செயலாளருக்குப் பொருந்தாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே ஒருவரும் துடைப்பத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பெற்ற பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"சரிம்மா. புதுச் செயலாளர் என்ன சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை நீங்க வரலாம், பாக்கலாம். எதையும் தொடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வலை அவிழ வேண்டும், டீ தீர வேண்டும், 'அக்கா எங்கே, அக்கா எங்கே' என்று எல்லோரும் என்னைத் தேட வேண்டும் என்று ஒரு மனசு ஆசைப்பட்டது. பொய் சொல்வானேன். ஆனால் மூன்று பேரும் வந்திருந்தார்கள். வாத்தியார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கயிறு பார்த்தார். பேக்கரி அக்கா எதையோ சொல்ல, தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனார் அவர்களுக்குப் போன் போட்டு, அண்ணி எதையும் தொடமாட்டாங்க என்று மட்டும்தான் சொன்னாளாம். அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது.

இடது பக்கக் கோடு ஒரு நூல் கோணல். நடுவர் வந்து அளந்து பார்த்துத் தலையாட்டிவிட்டார். எனக்குக் கை ஊறியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தையல்காரர் டீ கொண்டுவந்தார். "எப்படி இருக்குக்கா?"

சர்க்கரை மட்டு. "நல்லா இருக்கு" என்றேன். குறை சொன்னால் வேலை என் தலையில் விழும் என்று அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போனார்.

ஆட்டம் தொடங்கியது. என் மகள் இந்த அணியில் ஐந்தாறு வருஷமாக ஆடுகிறாள். அணிக்கே முதுகெலும்பு என் பெண்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். ஆனால் ஆட்டம் நடக்கிற நேரத்தில் தண்ணீர் பாட்டிலுக்கும் ஸ்கோர் போர்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன். பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை என்று தெரியும். கொடுத்த பிறகு என்ன செய்கிறாள் என்று பார்த்ததில்லை. விரல் நுனியால் ஏந்திக் கொடுத்துவிட்டு, அடிக்கிறவளுக்கு வழிவிட்டு விலகி நிற்கிறாள். அவள் சரியாக அடிப்பாளா என்ற பதற்றம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

சர்வீஸ் போட வந்த மகள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தாள். பந்தைக் கொண்டுபோய் வலையில் அடித்தாள்.

ஜெயித்தோம். ஜெயிக்காமல் என்ன? கை குலுக்கி முடித்ததும் மகள் நேராக என்னிடம் ஓடிவந்தாள்.

"என்னம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன?"

"உக்காந்திருக்கியே."

"மேட்ச் பாத்தேன்."

"எது வரைக்கும்?"

"முழுசா."

அவள் நம்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்போ கடைசிப் பாயின்ட் எப்படி வந்துச்சு, சொல்லு" என்றாள்.

"நீ பின்னாடி ஓடி, விழுந்துக்கிட்டே ஒத்தக் கையால தூக்கிக் குடுத்தே. அந்த நெட்டப் பொண்ணு அடிச்சா. எல்லாரும் அவளத்தான் தூக்கிக் கொண்டாடினாங்க. நீ தரையில உக்காந்து முழங்கைய ஊதிட்டு இருந்தே."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை வருஷத்துல" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

மைதானத்தில் வலையை அவிழ்க்க ஒரு ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.