சிப்பி உள்ளிட்டவை

1

இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, பல்வலியில் பிறந்தது. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், அட்டை கிழிந்த ஓர் ஆண்டு மலரில் ஒரு வரைபடம் பார்த்தேன். "சிப்பி உள்ளிட்டவை: உற்பத்திப் போக்கு." கோடு ஆண்டுக்கு ஆண்டு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை வரைந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. அந்த ஒருவரை மனதில் உருவாக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பல்லை மறந்தேவிட்டேன்.

2

கடல் அன்று அமைதியாக—

(வேண்டாம். கடல் அமைதியாக இருந்தாலே வாசகர் உஷாராகிவிடுவார்.)

கோட்டுக்காரி கணினியை அணைக்கப் போன நேரத்தில்—

(இது பரவாயில்லை. ஆனால் அவள் யாரென்று முதலில் சொல்லியாக வேண்டும்.)

மீன்வள அலுவலகத்தில் அவளைக் கோட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டு மாட்டியவள் என்று நினைக்க வேண்டாம், வரும் எண்களை வாங்கிக் கோடாக்கித் தருகிறவள். மறுநாள் ஒரு கூட்டம். கோடு ஏறுமுகமாக இருந்தால், கடலடியை வழித்துச் சிப்பி அள்ளும் இயந்திரப் படகுகளுக்கு விரிகுடாவில் அனுமதி. அதே கரையில்தான் அவளுடைய அக்காவுக்கு வேலை: கொட்டகையில் உட்கார்ந்து கத்தியால் சிப்பி திறப்பது. அத்தான் கணவாய் மீன் பிடிக்கும் படகில். அக்கா வீட்டில் எந்தக் குறையும் வெளியே தெரிந்ததில்லை.

நல்ல சேதி சொல்லத்தான் அக்காவை அழைத்தாள்.

"அக்கா, உங்க சிப்பி பின்னி எடுக்குது! கோடு கூரைய முட்டுது."

"எந்தச் சிப்பி?"

"எந்தச் சிப்பியா? நீ திறக்கிற சிப்பிதான்."

"என்னடி உளர்ற? கொட்டகை ஈயடிக்குது. நானும் இன்னொருத்தியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். கத்தி துருப்பிடிச்சுப் போச்சு."

"இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ ஆபீஸ்ல இருக்க. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

கோட்டுக்காரி போனை வைத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் இருந்த எண்களைத் தேடி எடுத்தாள்.

3

"உள்ளிட்டவை" என்ற சொல்லை அவள் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது கணவாய். கணவாய்க்கு வெளியே ஓடு கிடையாது. ஆனாலும் மெல்லுடலி வகையில் அது சிப்பிக்குப் பங்காளி. ஆகவே இரண்டையும் கூட்டி ஒரே கோடு. கணவாயை எடுத்துவிட்டுச் சிப்பியை மட்டும் வரைந்தாள். கோடு தொபுக்கடீர் என்று விழுந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளும் ஏறும் கோட்டை வரைந்தது அவள் கைதான்.

பிரிவுத் தலைவரிடம் ஓடினாள்.

"சார், சிப்பி செத்துக்கிட்டிருக்கு சார்!"

"அதான் 'உள்ளிட்டவை'ன்னு போட்டிருக்கோமேம்மா," என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

(இவரை வில்லனாக்க என்னென்னவோ செய்தேன். லஞ்சம் கொடுத்துப் பார்த்தேன்; வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஒரு சொல் போதும் என்று மனிதர் உண்மையிலேயே நம்புகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.)

* அடிக்குறிப்பு. அடியில் வைக்க மனம் வரவில்லை. முதல் வரைவில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். பெரியக்கா சிப்பிக் கொட்டகையில். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சின்னக்கா கணவாய்ப் படகுக்காரரைக் கட்டிக்கொண்டு செழிப்பாக இருந்தாள். கதை நீள்கிறதே என்று இருவரையும் சேர்த்து ஒரே அக்காவாக்கினேன். பெரியக்காவின் பசி சின்னக்காவின் செழிப்புக்குள் போய்ப் போன இடம் தெரியாமல் ஆகிவிட்டது. தலைவர் செய்ததும் இதைத்தானே? இப்போதுதான் உறைக்கிறது.

ஆகவே, அந்த வீட்டிலிருந்து அத்தானை எடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் பேசியவள் பெரியக்கா. அவள் வீட்டுக்குக் கணவாய் வருவதில்லை.

4

முடிவுக்கு வருவோம்.

கோட்டுக்காரி கூட்டத்தில் எழுந்து முழங்க, எல்லோரும் கைதட்டி—

(அபத்தம். அந்த மாதிரிக் கூட்டங்களில் பிஸ்கட் தட்டு நகரும் சத்தம்தான் கேட்கும்.)

அல்லது, பிரித்த கோட்டைக் காட்டுகிறாள். இயந்திரப் படகுகள் வராது. கூடவே, குஞ்சுச் சிப்பி வளரும்வரை கையால் பொறுக்கவும் தடை. கொட்டகைக்குப் பூட்டு. அத்தான் இருந்த வரைவில் அக்கா எப்படியோ சமாளித்திருப்பாள்.

அல்லது, பழைய கோட்டையே காட்டுகிறாள். இயந்திரம் வரும். ஒரு பருவம் கொட்டகை நிரம்பி வழியும். அதற்கப்புறம் திறப்பதற்கு ஒரு சிப்பியும் மிஞ்சாது.

கூட்டத்துக்குள் நுழையுமுன், போனில் இரண்டு கோட்டையும் விளக்கிச் சொல்லி, அக்காவையே கேட்டாள்.

"ரெண்டுல எதக்கா காட்டட்டும்?"

"என்னைய ஏன்டி கேக்குற? இத்தன வருஷம் வரையறப்ப கேட்டியா?"

இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகவே சொல்லிவிட்டாள். படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

5

"அடுத்த படத்தப் போடும்மா," என்கிறார் தலைவர்.

இரண்டு படமும் தயார். அவள் விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை தப்பாகக் கூட்டியவன் நான். இனி என்னை நம்ப வேண்டாம். எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், கொட்டகையில் உட்கார்ந்திருப்பவளை நேராகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாளை யாராவது கேட்டால் மட்டும், "பெரியக்கா உள்ளிட்டோர் பாதிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள்.