முப்பது மாத்திரை

ஒரு நாளைக்கு மூன்று. கோயிலில் கொடியேறியதிலிருந்து பத்து நாள். முப்பது மாத்திரை. முப்பதும் அரிசிப் பானைக்குள்தான் கிடக்கின்றன. போட்டது என் கைதானே என்று முருகம்மாளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் புருஷன் துரைப்பாண்டி அனலாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தான். கழுத்து நரம்பு துடிப்பது வார்டு வாசலிலிருந்தே தெரிந்தது. முருகம்மாள் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டு வருஷமாகவே அவனுக்குக் கை நடுக்கம். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட முடியாது. கண் பிதுங்கி, உடம்பு வற்றி, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவான். குடிக்கிறான் என்றது தெரு. அவளும் அதையே நம்பினாள். ஒருநாள் வட்டிலை எறிந்து அவள் நெற்றியைக் கிழித்தான். சித்திரையில்தான் இந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று மாத்திரை கொடுத்தாள்.

ஆனிக்குள் வேறு மனுஷனாகிவிட்டான். சாப்பிட்ட வட்டிலைத் தானே கழுவி வைத்தான். ஒரு மத்தியானம் அவள் நெற்றித் தழும்பைத் தொட்டு, "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாட்டி?" என்றான். அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள். பத்து வருஷம் வாழ்ந்திருந்தும் இப்போதுதான் கல்யாணம் ஆனதுபோல் இருந்தது.

ஆடி பிறந்தது. தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று மாமியார் பேச்சி மகனுக்குக் காப்புக் கட்டினாள். அவன் கோயிலை நூற்றெட்டு சுற்று சுற்றுவதாக நேர்ச்சை. "குணமானவனுக்கு மாத்திரை எதுக்குட்டி? காப்புக் கட்டிட்டு இங்கிலீஷ் மருந்து தின்னா அம்மா பொறுப்பாளா? கோயில் புத்துமண்ணு போதும்." முருகம்மாளுக்கும் அது சரியென்றே பட்டது.

சுற்றி முடித்த அன்றே காய்ச்சல் தூக்கியது. "மாத்திரையை நிறுத்துனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒரு வேளைகூட விடலையே தாயீ" என்றாள் பேச்சி. முருகம்மாள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள்தான் உண்மையைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம். மாத்திரை நின்னதும் சுரப்பி மறுபடி மீறி, இதயம் ரொம்பக் களைச்சிருக்கு. இப்படி வந்து பிழைச்சவங்களும் உண்டு, பிழைக்காதவங்களும் உண்டு. ரெண்டு நாள் தாண்டணும்" என்றாள்.

"ஏட்டி, இந்தக் காப்பியக் குடி" என்றாள் அடுத்த கட்டிலில் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த மைமூனம்மாள். "நீயும் விழுந்தா ஒம் மாமியாருக்கு ஏச ஆளு வேணாமா?"

முருகம்மாளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் பேச்சியே வந்துவிட்டாள். கையில் ஒரு தாள். வெளியே தபசுக் கூட்டத்தின் இரைச்சல்.

"காரு நிக்குது மக்கா. எம்புள்ள உசுரு இங்கன, இரும்புக் கட்டில்ல போவக் கூடாது. வீட்டுல போவட்டும். பொண்டாட்டி கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாங்களாம். போடு தாயீ."

மகனுக்குப் பின்னால் அவளும் நூற்றெட்டு சுற்றியிருந்தாள். பாதமெல்லாம் கொப்பளம். முருகம்மாளால் அவளை வெறுக்க முடியவில்லை. பானைக்குள் போன கை தன்னுடையது. கேட்டபோது திறக்காத வாயும் தன்னுடையது. தழும்பைத் தொட்டுக் கேட்ட அந்த மனுஷனோடு அவள் வாழ்ந்தது இரண்டே மாதம்.

தாளை வாங்கினாள். நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"மாட்டேன் அத்தை" என்றாள். துணியை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழியத் தொடங்கினாள்.