சுரத்துக்குப் பேசிய பேரம்

நூற்றுக்குப் பத்துப் பேர் என்று தொடங்கிய சாவை, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் நூற்றுக்கு நாலு பேர் வரை இறக்கிவிட்டிருந்தார்கள். உலாந்தா வெள்ளைக்காரன் கோட்டை கட்டிச் சரக்கு வாங்க உட்கார்ந்த நாளிலிருந்து பழவேற்காட்டில் எந்தப் பேச்சும் பேரமாகத்தான் முடிகிறது. துணித் தரகர்கள் தெருவில் வளர்ந்து, கருவாட்டுத் தரகனாகிவிட்ட எனக்கே, ஒரு காய்ச்சலுக்கு விலை பேசுவதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கடலுக்கு அப்பால் பத்தாவித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஒன்று வந்து போனதிலிருந்து ஊரில் ஒரு புதுச் சுரம். கோட்டை வைத்தியர் வந்தவர்களுக்கெல்லாம் கையைக் கீறி இரத்தம் எடுத்தார். இது வருசா வருசம் வரும் பனிச்சுரமா, வேறா என்று நான் கேட்டதற்கு, கப்பல் மாலுமியைக் கேள் என்றார். கப்பல் அதற்குள் இலங்கையைத் தாண்டியிருக்கும்.

மீனவர் குப்பத்துக்கு இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. அவர்கள் பாடு போடும் நாள் வந்துவிட்டது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்குவதுபோலக் குறி எடுத்துப் பிரிப்பதுதான் பாடு. ஆண்கள் அத்தனை பேரும் அம்மன் கோயில் வாசலில் தோளோடு தோள் உட்கார்ந்து, அவரவர் குறி கீறிய கிளிஞ்சலைத் தன் கையாலேயே பானையில் போடவேண்டும். வராதவனுக்கு அந்த வருசம் ஏரி இல்லை. கூட்டத்தைப் பொங்கலுக்குத் தள்ளலாம் என்றார் குப்பத்துத் தலைவர், நாட்டார் திருவேங்கடம். தள்ளக்கூடாது என்றான் வலைக்காரன் பச்சைமுத்து.

"பனி எறங்கினா வர்ற சுரம்தான் இது. மூக்கு ஒழுகும், இடுப்பு நோவும். மெளகு கஷாயம் குடிச்சா எழுந்து குந்திக்கலாம்."

"பனிச்சுரம் கெழவன் கெழவியத்தான் கூப்டும். இது மரம் மாதிரி கீறவனைச் சாய்க்குது. செத்துப்போன எம் மச்சானுக்கு இன்னா வயசு, சொல்லு."

"செத்தவனையே எண்றீங்க நாட்டாரே. படுத்து எழுந்து வலைக்குப் போனவனை யாரு எண்ணினது?"

"இன்னும் படுத்துனு கீறவனை நீ எந்தப் பக்கத்துல சேப்ப?"

இரண்டுமே நல்ல கேள்விகள். அதனால் கேள்வியை விட்டுவிட்டு, நூற்றுக்கு எத்தனை சாவு என்ற தொகைக்கு வந்துவிட்டார்கள். நாட்டார் பத்தில் நின்றார், பச்சைமுத்து ஒன்றில். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாவை ஏற்றினார்கள், இறக்கினார்கள். நாலில் வந்து சிக்கிக்கொண்டது. மூன்று என்றால் கூட்டம் போடலாம், ஐந்து என்றால் தள்ளலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட தொகைக்குச் சுரமும் கட்டுப்படும் என்ற நம்பிக்கை எல்லா முகத்திலும் தெரிந்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"தரகரே, துண்டைப் போடு" என்றார் நாட்டார்.

வாயால் படியாத பேரத்துக்குத் துண்டு. கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவன் கையைப் பிடிப்பேன். அவன் விரலால் தொகை சொல்வான். பிறகு அடுத்தவன் கை. விட்டுக்கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியாது. முதலில் பச்சைமுத்து கையை நீட்டினான்.

அடுப்பிலிருந்து இறக்கிய செம்பு மாதிரி இருந்தது அந்தக் கை. மூன்று விரலை அழுத்தினான். துண்டுக்கு மேலே அவன் முகம் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. போன வருசம் அவனுக்கு விழுந்தது சேற்றுப் பக்கம். வலையில் நண்டு ஓடுதான் வந்தது. இந்த வருசம் முகத்துவாரம் விழும் என்று அவன் பெண்சாதி தேவகி புது வலையைச் சாயத்தில் முக்கிக் காயவைத்திருக்கிறாள். அங்கே இறால் ஏறுவது இப்போதுதான், பொங்கல்வரை நிற்காது. சுரம் என்று தெரிந்தாலோ, கூட்டம் நடந்தாலும் அவனை வாசலில் உட்காரவிட மாட்டார்கள்.

அதற்குள் நாட்டாரும் கையை நீட்டிவிட்டார்.

பச்சைமுத்துவைப் பிடித்த அதே வலது கையால் அவரைப் பிடிக்கவேண்டும். இடது கையை நீட்டினால் அவமானம். அதற்கு வேறு பஞ்சாயத்து. பிறந்ததிலிருந்து ஒரு பேரத்தையும் பாதியில் விடாதவன் நான். துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"படியல" என்றேன்.

"எங்கையப் புடிக்காமயே இன்னாத்த படியலன்ற?"

"சரக்குக்காரன் இங்க இல்ல நாட்டாரே. சுரம் வந்து கை நீட்டட்டும், அப்ப பேசறேன். அதுவரிக்கும் பத்தும் இல்ல, நாலும் இல்ல. படகுக்கு ஒராளு குந்துங்க. தண்ணி நடுவுல பாடு போடுங்க."

"வாசலை விட்டுப் போனா அம்மன் ஒத்துக்குமா?" என்றாள் வலை பின்னிக்கொண்டிருந்த இருசம்மாள்.

"கதவைத் தொறந்து வெச்சா அம்மனுக்கு ஏரி நல்லாத் தெரியும். வருசம் பூரா ஒங்க முதுகையே பார்த்துனு கீறா, பாவம்."

ஆண்கள் சிரித்தார்கள். நாட்டார் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உடம்பில் ஒட்டாமல் அதைத் தனியாகத் தொங்கவிட்டிருந்தேன் போலிருக்கிறது.

"கையைக் கழுவினு வா" என்றார் மெதுவாக. "நாளைக்குக் காலீல, தண்ணியிலயே பாடு."

மறுநாள் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. படகுகள் ஒன்றையொன்று தொடாமல், மேயவிட்ட மாடுகள்போலத் தள்ளித் தள்ளி நின்றன. கோட்டைச் சுவரில் காவல்காரன் ஒருவன், சண்டைக்குக் கிளம்புகிறார்களா, பூசைக்கா என்று தெரியாமல் எட்டிப் பார்த்தான். நானும் ஒரு படகில் தனியாக, வலது கையைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தேன். சில்லென்றுதான் இருந்தது. கை சுடுகிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

நாட்டார், படகு தள்ளும் நீளக் கோலின் நுனியில் பானையைக் கட்டி ஒவ்வொரு படகாக நீட்டினார். கிளிஞ்சல் விழும் சத்தம் தண்ணீர்மேல் வந்தது. வரிசைப்படி பச்சைமுத்து நடுவில் வரவேண்டும்.

"பச்சமுத்து கடைசீல" என்றார் நாட்டார். அவன் கைச்சூட்டைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அவன் படகு எல்லோருக்கும் அப்பால், காற்று அடித்துப் போகும் பக்கத்தில் நின்றது. கம்பளி சுற்றி அவனை அதில் ஏற்றிவிட்டு, தேவகி கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். கோல் நீண்டது. போதாமல், நாட்டார் படகின் விளிம்புவரை வந்து எட்டி நீட்டினார். பானை ஆடியது, தண்ணீரைத் தொட்டது, மேலே வந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, பானை ஆட்டம் நிற்கட்டும் என்று, கிளிஞ்சலைப் பிடித்தபடி காத்திருந்தது.