பொட்டு வைத்த மிஷின்

அன்று டெய்லர் சென்னிமலை டீயைக்கூடக் கோபமாகத்தான் குடித்தார். அருள்புரம் பனியன் கம்பெனியில் ஆர்டருக்கு அனுப்புகிற மாதிரி பீஸ் தைக்கிற வேலை ஒச்சாயிக்குப் போகப்போகிறதாம்.

"மதுரப் பக்கமிருந்து நேத்து வந்த புள்ளைங்க அது," என்றார் முதலாளி ஆறுமுகசாமியிடம். "நான் கம்பெனி ஆரம்பிச்சதுலருந்து இருக்கறனுங்க."

"அந்தப் புள்ள தெச்சா கழுத்துப்பட்டி படிஞ்சு உக்காருதுங்க. உங்களுது அலையடிக்குது."

"அது மிஷின் கோளாறுங்க. அவளுக்குப் புதுசு, எனக்குப் பழசு. மாத்திக் குடுத்துப் பாருங்க."

"மாத்திக்குங்க. சனிக்கெழம ரண்டு பேரும் ஆளுக்கொண்ணு தெச்சுக் காட்டுங்க. நல்லா இருக்கறவங்களுக்கு வேலை."

தினமும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் தன் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காருவார் சென்னிமலை. வேறொருவர் தொட்டால் சண்டைதான். அதையே பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல் ஒச்சாயியிடம் ஒப்படைத்தார்.

சனிக்கிழமை, புது மிஷினிலும் அவர் தைத்த கழுத்து அலையடித்தது. அவருடைய பழைய மிஷினில் ஒச்சாயி தைத்தது இஸ்திரி போட்டதுபோல் படிந்திருந்தது. மாதிரி வேலை அவளுக்கே போயிற்று. இத்தனை வருடம் சந்தனம் வாங்கிக்கொண்ட மிஷின் இப்படிக் கட்சி மாறும் என்று அவர் நினைக்கவில்லை. கட்சிக்காரர்கள்கூட மாறுவதற்கு முன் ஒரு பேட்டியாவது கொடுப்பார்கள்.

நியாயம் கேட்க நேரே அவளிடம் போனார்.

"என்ற மிஷின என்ன பண்ணுன அம்மிணி?"

"எண்ணெ போட்டேண்ணே," என்றாள் ஒச்சாயி, தலை நிமிராமல்.

சண்டைக்கு நின்ற இடத்திலிருந்து அவள் கை தெரிந்தது. பட்டியை நான்காக மடித்து, மடிப்புகளில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். பனியன் கழுத்திலும் அப்படியே. புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, இடையில் மட்டும் லேசாக இழுத்துத் தைத்தாள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற யாரும் புள்ளி வைத்துக்கொண்டிருப்பதில்லை, கண்ணளவில் இழுத்துவிடுவார்கள். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது சென்னிமலையின் பெருமை.

"ஏன், கண்ணளவு பத்தாதா?"

"எனக்குப் பத்தலண்ணே. ஒங்களுக்குப் பத்துதா?"

பதில், தோற்றுப்போன பனியனின் கழுத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது.

விறுக்கென்று திரும்பி வந்து அதே பனியனின் பட்டியைப் பிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்தார். தைத்து முடித்ததும் பட்டி படிந்து உட்கார்ந்தது. அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, இந்த முறை தன்மேல். எத்தனை கழுத்துகளை அலையடிக்க விட்டுவிட்டு, பாவம், மிஷினைத் திட்டியிருக்கிறார்.

தைத்த பீஸை செக்கிங் பார்க்கிற பழனியம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "ஒச்சாயி தெச்சதுங்களா?"

"ஏனுங்க, எனக்குக் கையில்லீங்களா? நாந்தான் தெச்சேன்." நாலடி போனவர் திரும்பி வந்தார். "புள்ளி வெக்கறது மட்டும் அந்த அம்மிணிகிட்டப் பாத்தது. யாராச்சும் கேட்டா அதையும் சொல்லுங்க."

திங்கட்கிழமை, பழைய மிஷினைத் திருப்பித் தரட்டுமா என்று ஒச்சாயி கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அதற்குச் சந்தனம் வைத்தார்.

"அம்மிணி சொல்றதக் கேட்டு நடந்துக்கோ," என்று மிஷினிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு விரலில் மிச்சமிருந்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அதே புத்தியை அங்கேயும் சொல்லவேண்டியிருந்தது.