வராதவர்களுக்கு ஒரு போன்

தம்பியின் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர இன்னும் நேரமிருந்தது. அந்தச் சட்டையில்தான் தொப்பை தெரியாதாம். லிஃப்ட் மெக்கானிக்கின் தொப்பையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இவள் கேட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பான். அப்படி ஒரு வாய்.

கூடத்தில் பெரியம்மா யாரிடமோ குடிதான் கொண்டுபோய்விட்டது என்று சொல்வது கேட்டது. அக்கா வெளியே வந்தாள்.

"குடி இல்ல பெரியம்மா. காய்ச்சல் நெஞ்சுல இறங்கிடுச்சு. ரெண்டு வருஷமா அவன் தொட்டதே இல்ல."

தெரியும்மா என்றாள் பெரியம்மா. எங்கே தெரியும்!

அதற்கு முன்பு குடிநோய் சிகிச்சை மையத்தில் சேர்ந்து சேர்ந்து பாதியில் நின்றவன்தான். தினமும் போய் மாத்திரை வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "போகணும்னுதான் இருந்துச்சுக்கா. வெக்கமா இருந்துச்சு. யாராவது ஒரு போன் பண்ணியிருந்தா போயிருப்பேன்."

ஆராய்ச்சிக்காரியான அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். நின்றுபோனவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் போன் செய்யவைத்து ஒரு வருடம் கணக்கெடுத்தாள். போன் போனவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள். சொந்தத் தம்பியை ஆய்வில் சேர்க்கக் கூடாது. அவனுக்கு அவளே பக்கத்து அறையிலிருந்து போன் செய்தாள். மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

முடிவுகளைப் படித்த சுகாதாரத்துறை அதிகாரி சிரித்தார். விதி போட்டுவிடலாம், ஆனால் எந்த ஊழியர் குடிகாரனுக்குப் போன் செய்வார், செய்ததாக டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார் என்றார். பெயரை அடிக்கும் முன் கூப்பிட வேண்டும் என்ற விதி, கடைசியில் கொஞ்ச காலச் சோதனைக்கு என்று சொல்லித்தான் வந்தது. ஊழியர்கள் யாரும் கூப்பிடாவிட்டால் விதியும் அதோடு சரி. அவர் சொன்னதே நடந்துவிடுமோ என்று அவளுக்கு உள்ளூர உதறல்தான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அம்மா படுத்துவிட்டாள். தம்பியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் மையத்துக்குச் சொல்ல மறந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, மூணு நாளா காணோமே? யாரும் திட்ட மாட்டோம், சும்மா வாங்க. உங்க பேரை எடுக்கல," என்றது ஒரு பெண் குரல்.

ஊழியர்கள் போனில் பேச அக்கா எழுதிக்கொடுத்த வாசகத்தில் திட்ட மாட்டோம் என்பது இல்லவே இல்லை. அந்தப் பெண்ணே சேர்த்துக்கொண்டது.

"நான் அவன் அக்கா பேசறேன். இன்னைக்குக் காலைல தவறிட்டான்மா."

அந்தப் பெண், எங்கள் மையத்து லிஃப்டை அவர்தான் சரிசெய்து கொடுத்தார் என்று அழுதாள். இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட வேண்டும் என்று அக்கா கேட்டாள். நாலு பேர் என்றாள்.

"கூப்பிடும்மா. நேரமாயிடப்போகுது."

உள்ளிருந்து அம்மா, யாரு என்றாள். அக்கா போய் அறை வாசலில் நின்றாள்.

"மையத்துலேருந்தும்மா. அவனைக் கூப்பிட்டாங்க."

"என்னவாம்?"

"வரச் சொன்னாங்க."

அம்மா சுவரோரம் நகர்ந்து, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டாள்.