‘நைஸ்’ ஏறிய படிகள்

என் வீட்டுக்காரருக்கு மேடை என்றால் உதறல். இதைச் சொன்னால் கோபிப்பார். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. போன வருடம் ஜொகூர் பாருவில், எங்கள் இலங்கைத் தமிழர் சங்கக் கூட்டத்தில் இங்கிலீஷில் பேச எழுந்தவர், பாதியில் வாயடைத்து உட்கார்ந்துவிட்டார். சபை சிரித்தது. இந்த முறையும் தவறினால் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

இந்த வருடம் அவர் எடுத்த விஷயம் ‘நைஸ்’ என்ற ஒரே ஒரு சொல். மலாயா ரயில்வேயில், லாபிஸ் ஸ்டேஷனில் கிளார்க் வேலை முடிந்து வந்தால், குசினிதான் அவருக்கு மேடை. அங்கே நானும் என் தேங்காய்த் திருவலையும் சபை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தேங்காய் திருவி முடிப்பதற்குள் தமிழிலும் விளக்கம் வந்துவிடும்.

“இஞ்சரும், இந்தச் சொல் லத்தீன்ல பிறக்கேக்க, ஒண்டும் தெரியாதவன் எண்டுதான் அர்த்தம். பிரெஞ்சுக்காரர் அதை மடையன் எண்டாக்கினவை. இங்கிலீசுக்கு வந்தும் கனகாலம் மடையன்தான்.”

“பிறகு?”

“பிறகு எல்லாத்திலயும் நொட்டை சொல்லுற ஆள். பிறகு நுணுக்கம். கடைசியாத்தான் நல்லது, இனியது எண்டு வந்தது.”

“மடையனாப் பிறந்து இவ்வளவு தூரம் ஏறியிருக்கே. கெட்டிக்காரச் சொல்தான்,” என்றேன். உண்மையிலேயே அந்தச் சொல்லை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் வசனங்கள் தேவாரம் மாதிரி என் நாவில் ஏறிவிட்டன.

கூட்டத்தன்று ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் பாயில். தலைவர் விசுவலிங்கம், “அடுத்தது அம்பிகைபாகன்,” என்றதும் இவர் எழுந்தார். லத்தீன் வந்தது. பிரெஞ்சு வந்தது. மடையன் வந்தான். அதோடு நின்றது. லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிச் செருமினார்.

தேவாரம் பாடுவதைத் தவிர எங்கள் சபையில் பெண்கள் வாய் திறப்பதில்லை. தேவாரத்தில் ஒருவர் அடி மறந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பது மட்டும் குற்றமில்லை. அந்தக் குரலிலேயே எடுத்துக்கொடுத்தேன்.

“தென், ஜென்டில்மென், இட் பிகேம் ஃபஸ்ஸி.” மடையனுக்கு அடுத்த படி, அந்த நொட்டை சொல்லுற ஆள்.

கதிரைகள் எல்லாம் திரும்பின. பக்கத்திலிருந்த செல்லப்பாக்கியம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இவர் என்னையே பார்த்தார். பிறகு அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல் கடைசிப் படிவரை ஏறிவிட்டார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“பின்னுக்கிருந்து சொன்னது ஆர்?” என்று விசுவலிங்கம் கேட்டார். குரலில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது.

எங்கள் ஆண்கள், சபையில் மனைவி பெயரைச் சொல்வதில்லை. ‘வீட்டில’ என்பார்கள், அதோடு சரி. மேடை என்றால் நடுங்கும் மனிதர் இன்னும் மேடையில்தான் நின்றார்.

“அன்னலட்சுமி,” என்றார். “என்ர பெண்சாதி.”

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.