டொனலின் ஆபத்தான நாவல்

1987இல் லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் டொனல் குடியிருந்தார். ஐரிஷ் மொழியில் மட்டுமே எழுதுபவர். ஆங்கில அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை என்று பதினொரு வருட விரதம். எங்களோடு பேசுவார், என்னை அண்ணை என்பார். கவுன்சிலுக்கும் ஐரிஷிலேயே கடிதம் போடுவார். அவர்கள் மிரண்டுபோய் எங்கள் குழாயை மூன்று முறை திருத்தித் தந்தார்கள். ஓரிடத்தில் இருக்கமாட்டார். அவர் நடந்து நடந்து மேல்மாடித் தரை தேய்ந்து, கீழே இருந்தபடியே அவருடைய சப்பாத்து அடி எனக்குத் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் அவரைப் பொலிஸ் பிடித்தது. மாலையில் ஆளை விட்டார்கள், பையிலிருந்த கொப்பியை விடவில்லை. அது அவருடைய நாவல். வேறு பிரதி கிடையாது. வெள்ளிக்கிழமை டப்ளின் பதிப்பாளர் கையில் இல்லாவிட்டால் அச்சில்லை. பொலிஸோ அதைச் சங்கேத எழுத்து என்றது. மொழிபெயர்ப்பாளர் வர ஒரு மாதமாம்.

"நான் போய் மொழிபெயர்க்கிறன்" என்றேன். எனக்கு அந்த மொழியில் இரண்டு சொல் தெரியும்: தேத்தண்ணி, மழை. லண்டனுக்கு அது காணும்.

"நீங்கள் போனால் அந்த மனுசனைத் திரும்பவும் உள்ளுக்குப் போடுவினம்" என்றாள் என் மனைவி அருள்நாயகி.

புதன்கிழமை பின்னேரம் நானும் டொனலும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். சார்ஜன்ட் கொப்பியை விரித்தார். ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய வாய் என்னுடையது. சீருடையைக் கண்டால் அரசியல் என்ற சொல் அதிலிருந்து வராது.

"வேலிச் சண்டை, ஐயா. பக்கத்து வீட்டுக்காரன் வருசத்துக்கு ஒரு முழம் வேலியை இந்தப் பக்கம் அரக்கிறான்."

"பிறகு?"

பத்தாம் பக்கத்தில் ஒரு கலியாணம் வைத்தேன். முப்பதாம் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள். சார்ஜன்ட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். டொனலின் காது சிவந்துகொண்டு வந்தது.

"கடைசியில் இரண்டு வீட்டாரும் சமாதானமாகி, அரண்மனைக்கு வாழ்த்துத் தந்தி அடிக்கினம்."

டொனல் துள்ளி எழுந்தார். "பொய்! அண்ணை பொய் சொல்லுறார்! இது மூன்று தலைமுறைக் கலகம்! கடைசிப் பக்கத்திலை அரண்மனையே விழுகுது!"

சுத்தமான ஆங்கிலம். நிலையத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

"உமக்கு ஆங்கிலம் வருமோ?" என்றார் சார்ஜன்ட்.

"வரும். நாசமாய்ப் போன ஆங்கிலம்!"

பிறகு அவரே முழுக் கதையையும் சொன்னார், அறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தபடி. சார்ஜன்ட் கொட்டாவி விட்டு, படிவத்தில் 'தீங்கற்ற கதை' என்று எழுதிக் கொப்பியை நீட்டினார். "கொண்டு போம். வேலிதான் நல்லாயிருந்தது."

டொனல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தீங்கற்றதோ? அதை வெட்டும். வெட்டாமல் நான் வாங்கமாட்டன்."

"தம்பி, வாங்கும். தபால் கந்தோரைப் பூட்டப்போறான். இண்டைக்குப் போடாட்டி வெள்ளிக்குப் போய்ச் சேராது" என்று கெஞ்சினேன்.

"பூட்டட்டும், அண்ணை."

கால் மணி நேரம் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சார்ஜன்டுக்கு ஷிப்ட் முடிகிற நேரம். எழுதியதை வெட்டி, 'ஆபத்தானது' என்று எழுதினார். அடுத்த வரியில் 'உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது'.

டொனல் இரண்டு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். கொப்பியைப் பறித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். 109ஆம் இலக்க பஸ்ஸை அவர் முந்தியதை நான் கண்ணால் கண்டேன். கந்தோர்க்காரன் கதவை இழுக்க, டொனலின் ஒரு சப்பாத்து ஏற்கெனவே உள்ளே இருந்தது.